நாலு மணிக் காபிக்கு அழைக்கிறீர்களா? சர்க்கரையைத் தனியே வையுங்கள்

கும்பகோணத்தில் உணவியல் ஆலோசகராக இருக்கும் எனக்கு, தை பிறந்துவிட்டால் ஒரே பதில் திரும்பத் திரும்ப வரும். நன்றாகக் கட்டுக்குள் இருந்த சர்க்கரை ஏன் இப்படி ஏறியது என்று கேட்டால், "போன வீட்டுல எல்லாம் காபியும் பலகாரமும் கொடுத்தாங்க மேடம். வேண்டாம்னா முகம் வாடிப்போயிடுறாங்க" என்பார்கள். மார்கழி கழிந்து, சம்பா அறுப்பு முடிந்து, கையில் நாலு காசு புழங்கும் மாதங்கள் இவை. பெண் பார்ப்பது, வளைகாப்பு, புதுமனை, திருவையாற்று ஆராதனைக்கு வந்த உறவினர் என்று சாயங்கால வரவேற்புகள் வரிசை கட்டும்.

மறுக்கும் பொறுப்பை விருந்தாளியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. நம் பக்கத்தில் சம்பந்தி வீட்டில் நீட்டிய டம்ளரை வேண்டாம் என்று தள்ள யாருக்கு மனம் வரும்? மாற வேண்டியது அழைக்கிற வீடுதான். அப்படி மாற்றிய வீடுகளில் விருந்தும் அழகாகிறது, வேலையும் குறைகிறது.

முதல் மாற்றம், காபியிலும் டீயிலும் அடுப்படியிலேயே சர்க்கரை போடாதீர்கள். தட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சர்க்கரை, பக்கத்தில் ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று கூட்டத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. யாரும் சொல்ல வேண்டியதுமில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் "எனக்குச் சுகர்" என்று சொல்லக் கூச்சப்படும் மாப்பிள்ளையின் அப்பாக்கள் நிறையப் பேர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதியுதவியோடு நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். பெரியவர்களாகப் பத்துப் பேரை அழைத்தால், அதில் ஒருவருக்காவது இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே சரி.

தலை தட்டிய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 4 கிராம். வீட்டில் நாம் போடுவது பெரும்பாலும் குவித்த கரண்டி, அதுவும் இரண்டு. நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு வீட்டுக் காபியும் ஒரு கரண்டி அசோகா அல்வாவும் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவும் நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரைக்கு மாற்றல்ல. அவையும் ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றும். "உங்களுக்காகவே கருப்பட்டியில் போட்டேன்" என்று அன்போடு சொல்லும் வார்த்தை எத்தனை பேரை ஏமாற்றுகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன்.

அந்தக் கிண்ணத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. இன்சுலினோ சில வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு, மதியம் சரியாகச் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்தவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வரலாம். அது தாழ் சர்க்கரை. நினைவோடு இருந்தால் உடனே நாலு தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது இளம் தம்பதிகள் வீட்டில் ஆங்கிலப் பாணி 'ஆஃப்டர்நூன் டீ' வைக்கிறார்கள், மூன்றடுக்குத் தட்டோடு. இங்கிலாந்தில் 1840-களில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் வழக்கம் அது. மதியச் சாப்பாட்டுக்கும் வெகுநேரம் கழித்து வரும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே பசிக்காமலிருக்க ஒரு டீயும் கொஞ்சம் பலகாரமும். அந்தத் தட்டில் எனக்குப் பிடித்த விஷயம், அடித்தட்டில் உப்புப் பண்டம், உச்சியில் இனிப்பு. கீழிருந்து மேலே போய்ச் சாப்பிடுவார்கள். புரதமும் நார்ச்சத்தும் முதலில் உள்ளே போனால், பிறகு சாப்பிடும் மாவுப்பண்டமும் இனிப்பும் சர்க்கரையை அவ்வளவு வேகமாக ஏற்றுவதில்லை. நாமோ வந்ததும் இனிப்பைத்தான் நீட்டுகிறோம். இலை போட்ட விருந்தில் அந்த வழக்கம் இருக்கட்டும். சாயங்காலத் தட்டில் மட்டும் முதலில் சுண்டலைக் கொடுத்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு இனிப்பைக் கொண்டுவாருங்கள்.

சுண்டலுக்கு டெல்டாவில் என்ன குறை! சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே வயல் ஈரத்தை நம்பி விதைக்கிற பயறும் உளுந்தும் பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வந்துவிடும். புதுப் பாசிப்பயற்றை ஊறவைத்து, குழையாமல் வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளித்து, இறக்கும்போது மாங்காய்த் துருவலும் கொஞ்சம் தேங்காயும் போட்டு, வட்டமாக நறுக்கிய சிறு வாழையிலையில் வைத்தால் அதைவிட நேர்த்தியான தட்டு எனக்குத் தெரியாது. தேங்காயைக் கடைசி நேரத்தில் சேருங்கள். நம்மூர் வெயிலில் தேங்காய்ப் பண்டமும் சட்னியும் மிகச் சீக்கிரம் கெடும். சமைத்த எதையும் சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், சித்திரைக் கத்திரியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வெளியே வைக்கக் கூடாது.

இனிப்பு ஒன்று போதும். திருவையாற்று அசோகா என்றால் பாசிப்பருப்பு, கோதுமை மாவு இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். நெய்யும் சர்க்கரையும்தான் அதன் உடம்பு. ஒரு மேசைக்கரண்டி அளவு வைத்தால் ருசி முழுதாகக் கிடைக்கும். பஜ்ஜியோ வடையோ ஒன்று சுடுவதானால் சின்ன வாணலியில் எண்ணெயை அளவாக விட்டுச் சுடுங்கள். மிஞ்சியதை மறுபடி பொரிக்க வைக்காமல், வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். எண்ணெய் ஒற்றச் செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அச்சு மையில் இருக்கிற ரசாயனங்கள் சூடான எண்ணெயோடு பண்டத்தில் இறங்கும். இரண்டு பலகாரம், ஒரு இனிப்புக்கு மேல் போகாதீர்கள். ஆறு வகை வைத்தால் ஆறையும் ருசி பார்க்கச் சொல்லி வற்புறுத்தத் தோன்றும்.

காபியா டீயா என்பதில் நான் கட்சி கட்டமாட்டேன், நேரம்தான் முக்கியம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இரண்டையும் தவிர்க்கச் சொல்கிறது, அவற்றில் உள்ள டானின் உணவின் இரும்புச்சத்தைச் சேரவிடாது என்பதால். வளைகாப்பு வீடுகளில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை போடும் பெண்ணுக்குக் கலவைச் சாதம் சாப்பிட்ட கையோடு காபியைக் கொடுக்காதீர்கள். 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கும்; ஒரு நாளைக்கு 300-ஐத் தாண்ட வேண்டாம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. சாயங்காலக் காபி குடித்தால் தூக்கம் வராதவர்களுக்குச் சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்ட சுக்குக் காபியை ஒரு சின்னக் கூஜாவில் தனியே வையுங்கள், அதிலும் இனிப்புச் சேர்க்காமல்.

பாத்திரத்துக்கு எவர்சில்வர் டபராவே அழகு. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகள் 2019 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருப்பவை. சூடு பட்டால் அந்தப் பூச்சிலிருந்து நுண்துகள்கள் பானத்தில் கலக்கின்றன. ஈயம் பூசாத பித்தளையில் எலுமிச்சை டீயை ஊற்றக் கூடாது, புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

அழைக்கப் போனில் பேசும்போதே, "உங்களுக்கு ஒத்துக்காதது ஏதாவது இருக்கா அத்தை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு இளநீரும் வாழைப்பழமும் பெரும்பாலும் ஆகாது. அவரவருக்கு மருத்துவர் அளந்து கொடுத்த தண்ணீரில் காபியும் சேர்த்திதான், ஆகவே "இன்னும் அரை டம்ளர்" என்று ஊற்றாதீர்கள். நாலு வயதுக்குட்பட்ட குழந்தை கையில் முழு நிலக்கடலையைக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். பல் இல்லாத பாட்டிக்கு முறுக்குக்குப் பதில் இட்லி மாவில் ஊற்றிய மெத்தென்ற பணியாரம்.

கிளம்பும்போது வெற்றிலைத் தட்டு வரும். பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. புகையிலை சேராத பாக்கும் அதில் அடக்கம். மங்கலத்துக்கு ஒரு கொட்டைப்பாக்கைத் தட்டில் வையுங்கள், யாரும் அதைத் தப்பு சொல்லமாட்டார்கள். மெல்லுவதற்குச் சீவல் வேண்டாம். கொழுந்து வெற்றிலையில் ஒரு ஏலக்காயும் கொஞ்சம் சோம்பும் மடித்துக் கொடுங்கள்.