ஒலிப்பதிவு இல்லாமல் ஒலிக்கும் எகிப்திய யாழ்

எகிப்து பற்றிய கல்விச் செயலிகளில் கல்லறை ஓவியத்திலுள்ள யாழைத் தொட்டால் நரம்பு ஒலிக்கிறதே, அதை எங்கே பதிவு செய்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கும் பதிவு செய்யத் தேவையே இல்லை. அருங்காட்சியகத்து யாழில் புது நரம்பு பூட்டி முறுக்கினால் பழைய மரம் தாங்காது. பிரதி ஒன்று செய்து ஒலிப்பதிவுக்கூடம் பிடிக்க, தனியாளாக மென்பொருள் எழுதுகிறவரிடம் பணம் இருக்காது. அதனால் ஒலியைக் கணக்குப் போட்டே உண்டாக்கிவிடலாம். கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ராங் இருவரும் 1983இல் வெளியிட்ட வழிமுறை அதற்குப் போதும்.

கணினியில் ஒலி என்பது பொதுவாக நொடிக்கு 44,100 எண்கள். 200 எண்கள் கொண்ட ஒரு வரிசையை எடுத்து, −1 முதல் +1 வரை தாறுமாறான எண்களால் நிரப்புங்கள். நரம்பை மீட்டியாயிற்று. இனி ஒரே வேலைதான்: முதல் எண்ணை வரிசையிலிருந்து எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பி, அதற்கும் அடுத்த எண்ணுக்கும் சராசரி கண்டு, அதை வரிசையின் கடைசியில் சேர்க்க வேண்டும். நொடிக்கு 44,100 முறை இதைச் செய்தால் 219.95 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 220 அதிர்வுகளில், ஒரு நரம்பு பாடும். 44,100ஐ வகுக்க வேண்டியது 200ஆல் அல்ல, 200.5ஆல், ஏனென்றால் சராசரி எடுப்பதில் அரை எண் தாமதம் சேர்கிறது.

வெறும் இரைச்சல் எப்படி நாதமாகிறது? ஏறக்குறைய ஒரே 200 எண்கள் திரும்பத் திரும்ப வருவதால், 220இன் மடங்குகளாக உள்ள அதிர்வெண்கள் மட்டுமே நிலைக்கின்றன. அடுத்தடுத்த எண்களின் சராசரியோ வேகமாக ஏறி இறங்கும் அலைகளை அடித்துப்போடுகிறது. மெதுவான அலைகளை ஏறத்தாழ அப்படியே விடுகிறது. ஒரு நொடியில் வரிசை 220 முறை சுற்றிவிடும். அதற்குள் 220 ஹெர்ட்ஸ் அடிப்படைச் சுரத்தின் வீச்சில் (அலையின் உயரத்தில்) 97 சதவீதம் மிஞ்சியிருக்க, அதன் பத்து மடங்கான 2,200 ஹெர்ட்ஸ் மேற்சுரத்தில் 7 சதவீதம்தான் மிஞ்சுகிறது. உண்மையான நரம்பும் இப்படித்தான்: மீட்டிய கணத்தில் கூர்மை, பிறகு மெல்ல மெல்லக் கனிவு. நரம்பின் தடிமனோ இழுவிசையோ எதையும் நாம் சொல்லித்தரவில்லை. ஒரே ஒரு கூட்டலும் வகுத்தலும் அந்தக் குணத்தைக் கொண்டுவந்துவிடுகின்றன. ஒவ்வொரு மீட்டலுக்கும் எண்கள் புதியவை என்பதால் ஒரே ஒலி இரண்டு முறை வருவதுமில்லை.

சிக்கல்களும் உண்டு. நிரப்பிய எண்களின் மொத்தச் சராசரி பூஜ்யமாக இல்லாவிட்டால் அலை முழுவதும் ஒரு பக்கம் ஏறி நிற்கும். சுற்றில் எடுக்கும் சராசரியால் அதை அழிக்க முடியாது. ‘டப்’ என்ற சத்தம் கேட்கும், அடுத்தடுத்து மீட்டினால் ஒலி சிதறும். முதலிலேயே அந்தச் சராசரியைக் கழித்துவிட வேண்டும். உயர்ந்த சுரங்களை மீட்டும்போது சுதி விலகும்: 880 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 50 எண்கள் 873ஐயும் 49 எண்கள் 891ஐயும் தருகின்றன. இரண்டு எண்களுக்கு நடுவே ஊகித்துச் சரிசெய்யலாம், ஆனால் மேற்சுரங்கள் மங்கும். எல்லா அதிர்வெண்களையும் ஒரே வீச்சில் விட்டுத் தாமதத்தை மட்டும் மாற்றும் வடிப்பானே நல்லது.

எகிப்திய வளைவு யாழின் ஒலிப்பெட்டியைத் தோல் மூடியிருந்தது. தோலும் குடல் நரம்பும் ஆற்றலை விரைவாக விழுங்கும். எனவே ஒவ்வொரு சராசரியையும் 0.98ஆல் பெருக்குங்கள், 220 ஹெர்ட்ஸ் நரம்பில் ஒரு நொடிக்குப் பின் ஒரு சதவீதமே மிஞ்சும். 0.996 என்றால் 40 சதவீதம் நீடித்து, உலோகக் கம்பி போல் கேட்கும். உயர்ந்த சுரம் தரும் நரம்புகள் நொடிக்கு அதிகச் சுற்றுகள் சுற்றுவதால் அவற்றுக்கு 1ஐ நெருங்கிய எண் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மரத்தைத் தட்டியது போலாகிவிடும்.

ஒலி கிடைத்துவிட்டது, சுரங்கள்? எகிப்திய மன்னர் மூன்றாம் ராமேசஸின் கல்லறைச் சுவரில் யாழ் வாசிப்போர் இருக்கிறார்கள். நரம்புகளை எண்ணலாம், எந்தச் சுதியில் கட்டினார்கள் என்பது ஓவியத்தில் இல்லை. பெரிய பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்துக் கல்லறைகளில் பாடகர்கள் காட்டும் கைச்சைகைகளைச் சுரக்குறிப்பு என இசை ஆய்வாளர் ஹான்ஸ் ஹிக்மன் விளக்கியது இன்றும் விவாதத்தில்தான் உள்ளது. ஆகவே ‘பாரோவின் அசல் மெட்டு’ என்று விற்கும் செயலியை நம்பாதீர்கள். பிரமிடுகளுக்கும் ‘புனித 432 ஹெர்ட்ஸ்’ சுதிக்கும் முடிச்சுப்போடும் கதை அதைவிட மோசம். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. எகிப்தியர் நாளை மணிகளாகப் பிரித்தார்களே தவிர, நொடியை அளக்கவில்லை. மாணவர்களுக்கு இதைச் செய்கிறவர்கள் சுதியைப் பயனரே மாற்றும்படி திரையில் ஒரு நகர்த்தியில் (slider) விட்டு, ‘இது ஊகம்’ என்று திரையிலேயே எழுதிவிடுவதுதான் முறை.