பஃபருக்குத் தமிழ் தாங்கல்

போன மாதம் ரோஸ் ஹில் பக்கம் ஒரு மண்டபத்தில் எட்டு ஸ்பீக்கர் கட்டினோம், சுவருக்கு இரண்டாக. கப்பலேறி மொரீஷியஸ் வந்த முன்னோர்களைப் பற்றிய கண்காட்சி அது. கடல் அலை ஒரு மூலையில் எழுந்து, நிற்கிற ஆளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எல்லாம் சரியாகத்தான் வந்தது, இடையிடையே 'படக்' என்று ஒரு வெடிப்பு கேட்டதைத் தவிர. லேப்டாப் முன்னால் குனிந்திருந்த நண்பர், பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனைச் சேர்ந்தவர், நிமிராமலே பிரெஞ்சில் சொன்னார்: "தாம்போன் போதவில்லை." வயர் சுற்றிக்கொண்டிருந்த தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த தாம்போன், ரியூனியனின் தெற்கே இருக்கும் ஊர்.

அந்த ஊர்ப் பெயர் வேறு கதை. மடகாஸ்கரின் மலகாசி மொழியில் 'தாம்புனி' என்றால் உச்சி, மேடு. அதிலிருந்து வந்தது என்பார்கள். நண்பர் சொன்னது ஆங்கிலத்தில் பஃபர் என்கிறோமே, அதற்கான பிரெஞ்சுச் சொல். ரயில் பெட்டியின் முனையில் இரண்டு வட்டத் தட்டுகள் ஸ்பிரிங்கோடு நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியும் பெட்டியும் மோதும்போது அடியை வாங்கிக்கொள்வது அவைதான். அவற்றுக்கும் பிரெஞ்சில் தாம்போன், ஆங்கிலத்தில் பஃபர். நம் தீவில் 1864இல் ஓடத் தொடங்கிய ரயில் நூறு வருடத்தில் நின்றுபோனதால், என் வயதுக்காரர்கள் அந்தத் தட்டைப் படத்தில் பார்த்ததோடு சரி.

ஆங்கிலச் சொல்லின் வேர் 'பஃப்'. மெத்தென்ற பொருளை அடித்தால் எழும் மந்தமான சத்தம் அது. பழைய பிரெஞ்சில் அதற்கு உறவான சொல்லுக்கு 'அடி' என்று பொருள். ஆக, பஃபர் என்றால் அடி தாங்குவது. ரயில்காரர்களின் அந்தச் சொல்லைப் பின்னால் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கணினிக்குள் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டால், வீட்டு மாடியைப் பாருங்கள் என்பேன். வறட்சிக் காலத்தில் குழாயில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். மாடித் தொட்டி இருந்தால் குளியலறையில் நிற்பவருக்கு அந்தக் கவலை இல்லை. வரத்து விட்டு விட்டு இருந்தாலும் போக்கு சீராக இருக்கும். ஒலியும் அப்படித்தான். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நொடிக்கு 48,000 எண்கள் இடைவிடாமல் போக வேண்டும். கணினியின் மூளையான செயலிக்கோ (பிராசஸர்) நூறு வேலை. ஒன்றொன்றாகக் கொடுக்க முடியாமல் மொத்தமாகத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போகிறது. திரும்பி வருவதற்குள் தொட்டி காலியானால் 'படக்'.

இதற்குக் கலைச்சொல் பட்டியல்களில் 'இடையகம்', 'தாங்ககம்' இரண்டையும் பார்க்கலாம். இடையகம் தப்பில்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. தாங்ககம் வேரைப் பிடித்துவிட்டது, நாக்குதான் தடுக்குகிறது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொல் சும்மா கிடக்கிறதே: தாங்கல். வேதியியல் பாடத்தில் பஃபர் கரைசலை ஏற்கெனவே 'தாங்கல் கரைசல்' என்றுதான் படிக்கிறார்கள். தமிழ்நாட்டின் வடபகுதியில் தாங்கல் என்றால் பாசனத்துக்கு நீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று ஊர்ப் பெயர்களிலேயே நிற்கிறது. அடி தாங்குவது, நீர் தாங்குவது என்று பஃபரின் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. கூடவே ஒரு குடும்பமே வந்து சேர்கிறது: அளவு என்றால் கொள்ளளவு, நிரம்பினால் வழிவு, காலியானால் வறட்சி. (வற்றல் என்றுதான் முதலில் வைத்தேன். பசி நேரத்தில் அது சரிப்படவில்லை.)

தாங்கல் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அதற்கு விலை தாமதம். நொடிக்கு 48,000 என்றேனே, அந்த எண் ஒவ்வொன்றும் ஒரு சாம்பிள். தாங்கலின் கொள்ளளவு 256 சாம்பிள் என்றால் 5.3 மில்லிநொடி, ஸ்பீக்கரிலிருந்து 1.8 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். 1024 என்றால் 21 மில்லிநொடி. மைக் வைத்து ஒருவர் பாடினால் உள்ளே வரும் வழியிலும் ஒரு தாங்கல் உண்டு, தாமதம் இரட்டிக்கும், தன் குரலே தன்னைத் துரத்துவதுபோல் பாடுபவர் திணறுவார். எங்கள் மண்டபத்தில் மைக்கே கிடையாது. அலை 21 மில்லிநொடி பிந்தி வந்தால் யாருக்குத் தெரியும்?

ஆகவே தைரியமாக 256ஐ 1024 ஆக்கினோம். இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக வந்த 'படக்' ஏழு நிமிடத்துக்கு ஒன்றானது. நிற்கவில்லை! கடிகாரம் பார்த்ததுபோல் அது வந்த ஒழுங்குதான் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. செயலி திணறினால் வெடிப்பு கண்டபடி வரும். நாங்கள் காசு மிச்சம் பிடிக்க, கணினியின் எண்களை ஸ்பீக்கருக்கு ஒலியாக்கி அனுப்பும் நாலு வழி ஆடியோ பெட்டிகள் இரண்டை ஒரே கணினியில் மாட்டியிருந்தோம். ஒவ்வொன்றிலும் வேகத்தை அளந்துகொடுக்கத் தனிக் கடிகாரப் படிகம். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு 2.4 சாம்பிள் விலகும். 1024ஐ 2.4ஆல் வகுத்தால் ஏழு நிமிடம். வரத்தும் போக்கும் வேறு வேறு வேகத்தில் இருந்தால் எத்தனை பெரிய ஏரியும் ஒரு நாள் வற்றும், இல்லையென்றால் வழியும். எட்டு வழி உள்ள ஒரே பெட்டி வாங்கி மாட்டினோம், வெடிப்பு நின்றது. இரண்டு பெட்டிதான் கதி என்றால், இரண்டும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றும்படி கேபிளால் இணைக்க வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த ஓஎஸ் (இயங்குதளம்) நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். விண்டோஸில், ஸ்டெயின்பெர்க் என்ற இசை மென்பொருள் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஏஸியோ (ASIO) என்ற ஒலிப் பாதை வழியாகப் போனால் சின்னத் தாங்கல் சாத்தியம். மேக்கில் அதே வேலைக்குக் கோர் ஆடியோ கூடவே வருகிறது. லினக்ஸுக்கு ஜாக் (JACK) உண்டு. நெடுங்காலம் தனி ஒட்டாக (பேட்ச்) இருந்த நிகழ்நேர வசதி, 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் லினக்ஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. நிகழ்நேரம் என்றால் வேகம் என்று நினைக்கிறார்கள். சொன்ன கெடுவுக்குள் தவறாமல் வருவது, அவ்வளவுதான். பாடகர் இருக்கும் மேடைக்கு அது முக்கியம். எங்கள் மாதிரி வேலைக்கு வைஃபை, தானாக வரும் அப்டேட், தூக்க நிலை மூன்றையும் அணைத்தால் எதுவும் போதும். நாங்கள் லினக்ஸ் வைத்ததற்குக் காரணம் வேறு: புயல் நாளில் கரண்ட் போய் வந்தால், யாரும் தொடாமலே எழுந்து வாசிக்கும்படி அமைத்துக்கொள்வது அதில் சுலபமாக இருந்தது.

கிளம்பும்போது தம்பி கணினிமேல் ஒரு டேப் ஒட்டி, 'தாங்கல் 1024, தொடாதீர்கள்' என்று எழுதினான். நண்பர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அது எந்த ஊர் என்று கேட்டார்.