4294967297-ஐ உடைத்த 641

இணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 (IPv4) முகவரிகள் ஏன் பற்றாமல் போயின என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முகவரிக்கு 32 பிட்தான் (0 அல்லது 1 என 32 இலக்கங்கள்). அதனால் 2³², அதாவது 4294967296 முகவரிகளுக்கு மேல் இடமில்லை. இதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண் இதைவிடச் சுவையானது.

1640-ல் பிரான்சின் கணிதவியலாளர் ஃபெர்மா 2-ன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பார்த்தார்: 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். அடுத்து வரும் 2³² + 1-உம் பகா எண்ணே என்று நம்பினார். 1732-ல் கணிதவியலாளர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்தார்.

வரிசையாக வகுத்துப் பார்ப்பதென்றால் வர்க்கமூலம் வரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. அதிலிருந்து 3-ஆல் வகுபடாது என்று தெரியும், அவ்வளவுதான். எண் சோதிடக்காரர்கள் அதற்கு மேல் சொல்வதெல்லாம் ஏமாற்று.

ஆய்லர் பின்னர் எழுதிய நிரூபணம் தேடலைச் சுருக்கிவிடுகிறது. p ஒரு பகாக் காரணி என்றால், p-ஆல் வகுக்கும்போது 2³²-க்கு மீதி −1 (அதாவது p-ஐவிட ஒன்று குறைவு); வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. 64-க்கு முன் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி p−1-ஆம் அடுக்கிலும் மீதி 1. எனவே p−1 என்பது 64-ன் மடங்கு. 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே 641 வரை போனால், பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. 257-ஐயும் விட்டுவிடலாம்: 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. ஆக, நம் எண்ணை 257-ஆல் வகுத்தால் மீதி 2.

641-ஐச் சரிபார்க்கக் காகிதத்தில் மூன்று வரி போதும். 2⁸ = 256. வர்க்கம் 65536, மீதி 154. 154-ன் வர்க்கம் 23716, மீதி 640; 2³²-க்கும் இதே மீதிதான். ஒன்றைக் கூட்டினால் 641, அதாவது மீதியில்லை.

அந்தக் கணக்கும் வேண்டாம் என்றால், 641-ஐ இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்: 5 × 2⁷ + 1, 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி 5 × 2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1. அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது! வகுத்தலே இல்லாத இந்த நிரூபணத்தைப் பள்ளிப் பாடத்திலேயே வைக்கலாம்.

நிரல் எழுதிச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். n என்ற எண் பகா எண்ணா என்றறிய, 2-ஐ அடியாக வைத்து அதன் n−1-ஆம் அடுக்கை n-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்க்கும் சோதனையில் 4294967297 பகா எண் போலத் தேறிவிடும். காரணம், n−1 = 2³², அது 64-ன் மடங்கு; 2⁶⁴-லேயே மீதி 1 வந்தாயிற்று. அதனால் அடியை 3 ஆக்குங்கள். கணிதவியலாளர் பெப்பான் 1877-ல் தந்த சோதனைப்படி, 3-ஐ 31 முறை வர்க்கப்படுத்தி n-ஆல் வகுத்தால் வரும் மீதி −1 ஆக இருந்தால்தான் இது பகா எண். வருவதோ 10324303. காரணி எது என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது; அதற்கு மறுபடியும் 64-ன் மடங்குகளிடம்தான் போக வேண்டும்.