சிக்குரத்து: சொல்லின் வேரும் அதற்கொரு தமிழ்ப் பெயரும்

ஈராக்கின் தெற்கே, நசிரியா நகருக்குப் பக்கத்தில், பொட்டல் வெளியில் மூன்று படிவரிசைகளோடு நிற்கும் செங்கல் மலையின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஊர் என்ற பழைய நகரத்தின் கோயில் மேடு அது, அந்தப் பக்கத்துப் பழைய நகரங்கள் பலவற்றில் இதுமாதிரி உண்டு. கட்டட வகை ஒன்றுதான், தமிழில் அதன் பெயர்தான் ஆளுக்கு ஒன்று. சிகுராட், ஜிகுரட், சிகூரத், ஸிக்குரத் என்று நான் பார்த்தவையே நாலைந்து. போதாக்குறைக்கு 'மெசொப்பொத்தேமியப் பிரமிடு' (மெசொப்பொத்தேமியா என்பது இன்றைய ஈராக்கின் பழைய ஆற்றுப் பகுதி) என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அது எழுத்துப்பிழையைவிடப் பெரிய பிழை, பிறகு வருகிறேன்.

முதலில் சொல். இது அக்காடிய மொழிச் சொல். அக்காடியம் என்பது பாபிலோனியரும் அசீரியரும் பேசிய மொழி, அரபுக்கும் எபிரேயத்துக்கும் உறவு. இந்தக் குடும்பத்து மொழிகளில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்துதான் கிளைக்கும். இங்கே அந்த மூன்றும் ஸ, க, ர. 'ஸகாரு' என்றால் உயர்ந்து நிற்பது, துருத்திக்கொண்டு நிற்பது, உயரமாகக் கட்டுவது. அதிலிருந்து பிறந்த பெண்பால் பெயர்ச்சொல் 'ஸிக்குர்ரத்து'. ஆக, கடவுள், கோயில், பூசை எதுவும் இந்தச் சொல்லுக்குள் இல்லை. 'ஓங்கி நிற்பது' என்பதுதான் முழுப்பொருள்.

இது வெறும் இலக்கணக் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அக்காடியத்தில் களிமண் பலகைகளில் எழுதிய பழைய கில்காமேசு காவியத்தின் 11-ஆம் பலகையில் வெள்ளக்கதை வருகிறது. வெள்ளம் வடிந்து கப்பல் மலையில் தட்டி நின்ற பிறகு, அதில் தப்பிப் பிழைத்த உத்னபிஷ்திம் வெளியே வந்து தெய்வங்களுக்குப் படையல் வைக்கிறான். எங்கே வைத்தான் என்று சொல்ல அந்த வரியில் வரும் தொடர் 'மலையின் ஸிக்குர்ரத்து'. அங்கே செங்கல்லும் இல்லை, கொத்தனும் இல்லை, வெறும் மலையுச்சி. மலையின் முகட்டுக்கும், நகரத்தின் நடுவே கட்டியெழுப்பிய கோயில் மேட்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்கியிருக்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம் என்று தேடும்போது எனக்குப் பிடித்துக்கொள்ள இதுதான் கிடைத்தது, அதனால் இதை மறந்துவிடாதீர்கள்.

சொல் அக்காடியம் என்றாலும் கட்டடம், தெற்கு ஈராக்கில் வேறொரு மொழி பேசி வாழ்ந்த பழைய மக்களான சுமேரியருடையது. சுமேரியத்தில் இதை எழுதிய குறிகளை 'உநிர்' என்று படிக்கிறார்கள், அதிலுள்ள 'உ' வியந்து பார்ப்பதைக் குறிக்கும். ஆனால் இந்தப் பொதுப்பெயரைவிட ஒவ்வொன்றுக்கும் இருந்த தனிப்பெயர்தான் அழகு. பாபிலோனில் இருந்தது எதெமெனான்கி: 'வானுக்கும் மண்ணுக்கும் அடித்தளமான வீடு'. சிப்பார் நகரத்தில் சூரியக் கடவுளுக்கு இருந்தது எகுனான்குகா: 'வானத்தின் தூய படிக்கட்டு வீடு'. நிப்பூரில் என்லில் கடவுளின் கோயில் எகூர்: 'மலை வீடு'. என்லிலுக்கே 'பெருமலை' என்றொரு பட்டம் உண்டு. எல்லாப் பெயரிலும் முன்னால் நிற்கும் அந்த 'எ' தான் வீடு. சுமேரியருக்குக் கோயில் என்பது தெய்வம் குடியிருக்கும் வீடு, அவ்வளவுதான். காலையும் மாலையும் சாப்பாடு வைத்தார்கள், உடுத்தினார்கள், அந்த வீட்டுக்கு நிலம் இருந்தது, ஆடு மாடு இருந்தது, நெசவு செய்யப் பெண்கள் இருந்தார்கள், வேலைக்குக் கூலியாகப் பார்லியும் பீரும் அளந்து கொடுத்துக் களிமண்ணில் கணக்கு எழுதினார்கள்.

இதே 'எ'யோடு பெரியது என்னும் 'கல்' சேர்ந்தால் 'எகல்', பெரிய வீடு, அதாவது அரண்மனை. அக்காடியம் அதை வாங்கி 'எகல்லு' ஆக்கியது, எபிரேயத்தில் 'ஹேகால்' ஆகி அரண்மனை, ஆலயம் இரண்டையும் குறித்தது, அரபியில் 'ஹைகல்' என்று இன்னும் இருக்கிறது. நம் 'கோயில்' அப்படியே இதே வேலையைத்தான் செய்கிறது: கோ, இல், அரசன் வீடும் அதுதான், கடவுள் வீடும் அதுதான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்கப் போகும் கோயில் பாண்டியன் அரண்மனை. இரண்டு மொழிக்கும் உறவு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள், எனக்கு அதுவே போதும்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சண்டையை முடித்துவிட்டுப் போகலாம். 'ஸிக்குரத்து என்பது சிகரம்தான், ஊர் என்பது நம் ஊர்தான், அதைக் கட்டிய அரசன் பெயரே ஊர் நம்மு, அதாவது நம்ம ஊர்' என்று ஒரு வாதம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சிகரம் வடமொழியிலிருந்து வந்த சொல், ஸிக்குர்ரத்தின் வேர் செமித்திய மொழிக்குள்ளேயே வினைச்சொல்லோடு உயிரோடு கிடைக்கிறது, ஒலி ஒத்துப்போனது தற்செயல். அந்த நகரத்தின் சுமேரியப் பெயர் உரிம். அரசன் பெயரில் உள்ள 'உர்' நகரமே இல்லை, அது வேறு குறியால் எழுதப்படும் வேறு சொல், நம்மு என்ற பெண்தெய்வத்தின் அடியான் என்பது மாதிரிப் பொருள். சுமேரியத்துக்கு எந்த மொழியோடும் உறவு இதுவரை நிறுவப்படவில்லை.

சரி, கட்டடத்துக்கு வருவோம். ஊர் நகரத்தில் இருப்பது கி.மு. 2100-ஐ ஒட்டி உர்-நம்மு தொடங்கி அவன் மகன் சுல்கி முடித்தது. நிலவுக் கடவுள் நன்னாவுக்கு உரியது. அடித்தளம் ஏறக்குறைய 62 மீட்டர் நீளம், 43 மீட்டர் அகலம். உள்ளே முழுக்கப் பச்சைக் கல், அதாவது வெயிலில் காயவைத்த மண்கல். வெளியே மட்டும் சுட்ட செங்கல்லைக் கீல், அதாவது தார் மாதிரி ஒட்டும் பொருள், குழைத்து வைத்துக் கட்டிய தடித்த உறை. அங்கே மலையும் கிடையாது, கல்லும் கிடையாது. இரண்டு ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல், நாணல், தானாக ஊறி வரும் கீல், இவைதான் கையிருப்பு. விவிலியத்தில் பாபேல் கோபுரக் கதையில்கூட, கல்லுக்குப் பதில் செங்கல், சாந்துக்குப் பதில் கீல் என்று குறிப்பாகச் சொல்லியிருப்பார்கள். கல் நிறைந்த நாட்டிலிருந்து போனவர்களுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கிறது போல. கீல் எவ்வளவு என்றால், அந்த இடத்துக்கு இன்றைய அரபுப் பெயரே தெல் அல்-முகய்யர், கீல் பூசிய மேடு.

பச்சைக் கல்லுக்கு எதிரி ஈரம். உள்ளே தங்கிய ஈரத்தில் மண் ஊதினால் வெளி உறை வெடித்துவிடும். அதற்காகச் செங்கல் உறையில் வரிசையாகச் சந்துகள் விட்டு உள்ளே காற்றுப் போக வழி வைத்திருக்கிறார்கள். பாக்தாத் பக்கம் அகர் கூஃபில் உள்ள இன்னொன்றில் சில வரிசைக்கு ஒரு தடவை நாணல் பாயை விரித்து அதன்மேல் தொடர்ந்து கட்டியிருப்பது இன்றும் தெரியும். உறை உதிர்ந்துபோய் உள்மண் மட்டும் நிற்பதால், தூரத்திலிருந்து பார்த்த பழைய பயணிகள் பலர் அதைத்தான் பாபேல் கோபுரம் என்று நம்பினார்கள்.

அரசர்கள் இந்தக் கட்டட வேலையைப் பெருமையாகக் காட்டிக்கொண்டார்கள். அடித்தளத்தில் புதைத்த சின்ன உலோகப் படிமங்களில் உர்-நம்மு தலையில் கூடை வைத்து மண் சுமக்கிறான். நமக்குப் பிட்டுக்கு மண் சுமந்த கதை ஞாபகம் வரும், அங்கே சுமந்தவன் அரசன். செங்கல்லிலும் பெயரை முத்திரை குத்திப் போட்டான். ஏறக்குறைய 1500 ஆண்டுகள் கழித்து, பாபிலோனின் கடைசி அரசன் நபோனிடசு அதே கட்டடத்தைப் பழுதுபார்த்து, மூலைகளில் களிமண் உருளைகளை எழுதிப் புதைத்தான். 1850-களில் பாஸ்ராவில் இருந்த பிரிட்டிஷ் துணைத் தூதர் டெய்லர் மூலைகளைக் குடைந்தபோது அவை அப்படியே கிடைத்தன. அதில்தான் தன் மகன் பெல்ஷாத்சாருக்காக நபோனிடசு வேண்டியிருந்தான், விவிலியத்தின் தானியேல் புத்தகத்தில் சுவரில் எழுதும் கையைக் கண்டு நடுங்குவானே, அவனேதான். தொல்லியலாளர் லியோனார்டு வூல்லி முறையாகத் தோண்டியது அதற்கும் பிறகு, 1922 முதல் 1934 வரை. இப்போது படங்களில் புதுசு மாதிரித் தெரியும் முகப்பும் படிகளும் 1980-களில் மறுபடி கட்டியவை.

இப்போது பெயருக்கு வரலாம். பிரமிடு ஏன் கூடாது? எகிப்துப் பிரமிடு கல்லறை, உள்ளே அறையும் வழியும் உண்டு. இது உள்ளே எதுவுமே இல்லாத திண்மேடு, யாரையும் புதைக்கவில்லை, மேலே ஒரு கோயிலைத் தாங்கி நின்றது. இரண்டும் முக்கோணமாகத் தெரிவதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

கோபுரம்? தமிழ் விவிலியத்தால் பாபேல் கோபுரம் பழகிவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் நம் கோபுரம் வாசலின் மேல் நிற்பது, கீழே நுழைந்து போகலாம். இதில் நுழைய ஒன்றுமில்லை. 'படிக்கட்டுக் கோபுரம்' என்றால் இன்னும் மோசம், மாடிப்படிக்காகக் கட்டிய கோபுரம் மாதிரி ஒலிக்கிறது.

மாடக்கோயில் கொஞ்ச நாள் என்னைப் பிடித்து வைத்திருந்தது. கோச்செங்கட்சோழன் எழுபது மாடங்கள் எடுத்ததைத் திருமங்கையாழ்வார் பாடுகிறார். உயர்ந்த தளத்தின்மேல் கருவறை, படியேறிப் போய்க் கும்பிட வேண்டும். அப்பர் ஒரே பதிகத்தில் பெருங்கோயில், கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று அடுக்கிக்கொண்டே போவார். கோயில் வகைகளுக்குப் பெயர் வைப்பதில் தமிழுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சிக்கல் என்னவென்றால் மாடக்கோயிலில் தெய்வம் மேலேதான் குடியிருக்கிறது, ஊரே ஏறிப் போகிறது. பாபிலோனில் அந்நகரின் தலைமைக் கடவுள் மர்துக்கின் சிலை இருந்த முதன்மைக் கோயில் எசகிலா, எதெமெனான்கிக்குப் பக்கத்தில் தனியாகத் தரையில் இருந்தது. மாடக்கோயில் என்றால் நம் ஆட்கள் அர்ச்சனைத் தட்டோடு ஏறுவதுபோல் மனதில் படம் வரும், அது தப்பு.

நான் கடைசியில் வந்து நின்ற சொல் செய்குன்று. இது புதிதாய்ச் செய்ததல்ல, பழைய சொல், காப்பியங்களில் அரசர்களின் சோலைகளைப் பற்றிய இடங்களில் பார்க்கலாம், ஆள் கையால் எழுப்பிய மேடு. வினைத்தொகை, அதனால் நடுவில் ஒற்று மிகாது, 'செய்க்குன்று' என்று எழுதிவிட வேண்டாம். மலையே இல்லாத வண்டல் சமவெளியில் மண்ணைப் பிசைந்து மலையை உண்டாக்கி, கோயிலுக்கு 'மலை வீடு' என்று பெயரும் வைத்து, மலையுச்சிக்கும் அதற்கும் ஒரே சொல்லைப் புழங்கியவர்களின் கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஈரானில் ஏலாம் நாட்டு அரசன் உந்தாஷ்-நபிரிஷா கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் 105 மீட்டர் சதுரத்தில் கட்டியது ஒன்று இருக்கிறது. மண் மூடிப்போனபின் அக்கம்பக்கத்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் சோகா சன்பில். கவிழ்த்த கூடை மாதிரி இருந்த குன்று, கூடைக்குன்று. வரலாறு எதுவும் தெரியாதவர் கண்ணுக்கும் அது குன்றுதான்.

கடன்சொல்லாகவே எழுத விரும்பினால் அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ட் போட்டு முடிப்பது ஆங்கிலம் வழியாக வந்தது. மூலத்தில் இரட்டைக் ககரம் இருக்கிறது, அதை விடாமல் வைக்கலாம். இரட்டை ரகரம் தமிழில் வராது, ஒன்றைத் தள்ளிவிடலாம். முடிவில் இருக்கும் 'உ' நமக்குத் தோதாகவே அமைகிறது. சிக்குரத்து. இதில் ஒரு வேடிக்கை: மரத்து, மரத்தின், மரத்தில் போல இது வேற்றுமை உருபுக்கு முந்திய வடிவம் மாதிரித் தோன்றுவதால், நாலு தடவை 'சிக்குரத்தின் உச்சியில்' என்று எழுதினால் ஐந்தாவது தடவை வாய் தானாகச் 'சிக்குரம்' என்றுவிடும். வரட்டும், மொழி வாங்கிக்கொள்ளும் விதம் அதுதான். சிகரக் கட்சிக்காரர்களுக்கு இன்னொரு பிடி கிடைக்குமே என்பதுதான் என் கவலை.

செய்குன்றுக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. பூங்காவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடப் போட்டிருக்கும் மண்மேடும் செய்குன்றுதான். எனவே முதல்முறை வரும் இடத்தில் மட்டும் 'செய்குன்றுக் கோயில்' என்று எழுதி, பக்கத்தில் சிக்குரத்து என்பதையும் போட்டுவிட்டு, அப்புறம் செய்குன்று என்றே தொடரலாம். பாபிலோனுக்கு மட்டும் கொஞ்சம் பார்த்து எழுத வேண்டும். 91 மீட்டர் சதுரத்தில் நின்ற எதெமெனான்கியின் இடிபாட்டை, மறுபடி கட்டப்போகிறேன் என்று அலெக்சாந்தர் அள்ளச் சொன்னான், கட்டுவதற்குள் கி.மு. 323-இல் அங்கேயே இறந்துபோனான், மிச்சமிருந்த செங்கல்லைப் பிற்காலத்தில் ஊர்க்காரர்கள் வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கு அங்கே குன்று கிடையாது, தண்ணீர் தேங்கிய சதுரப் பள்ளம்தான் இருக்கிறது.