ரெய்டு கார்டு பழுதானால் டேட்டாவை எதில் படிப்பீர்கள்?

பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக்கி, ஒன்று பழுதானாலும் டேட்டா தப்பிக்கும்படி வைப்பதுதான் ரெய்டு. இதைத் தனிக் கார்டு செய்தால் ஹார்டுவேர் ரெய்டு, ஆபரேட்டிங் சிஸ்டமே செய்தால் சாஃப்ட்வேர் ரெய்டு. சர்வர் வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, ஹார்டுவேர் ரெய்டு வேகமா, சாஃப்ட்வேர் ரெய்டு வேகமா என்றுதான். நான் முதலில் பார்ப்பது வேறு: கார்டு பழுதானால் டிஸ்க்குகளை எதில் மாட்டிப் படிப்பது?

ஹார்டுவேர் ரெய்டு கார்டு, எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்ற விவரத்தைப் பெரும்பாலும் தனக்கே உரிய வடிவில் எழுதிவைக்கும். கார்டு எரிந்துபோனால், டிஸ்க்குகள் நன்றாக இருந்தும், அதே கம்பெனியின் பொருத்தமான கார்டு கிடைக்கும்வரை டேட்டாவைத் தொட முடியாமல் போகலாம். பழைய மாடல் என்றால் தேடி அலைய வேண்டும். லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டில் இந்தச் சிக்கல் இல்லை. டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் போதும், அவற்றில் உள்ள குறிப்பை வைத்தே தொகுப்பை எழுப்பிவிடலாம்.

வேகத்துக்கு வருவோம். ரெய்டு 5-இன் பாரிட்டிக் கணக்கு (ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததை மீட்க உதவும் கணக்கு) இன்றைய ப்ராசசருக்கு ஒரு சுமையே இல்லை. நல்ல கார்டின் உண்மையான பலம் பேட்டரி காப்புள்ள கேஷ், அதாவது தற்காலிக நினைவகம். எழுத வந்ததைக் கேஷில் வாங்கிக்கொண்டு உடனே 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிடும். நடுவில் மின்சாரம் போனாலும் பேட்டரி காப்பாற்றும். அந்தப் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. அது தளர்ந்ததும் கார்டு கேஷை நம்பாமல் நேரடியாக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், டேட்டாபேஸ் திடீரென்று மந்தமாகும். அதைச் சரிசெய்கிறேன் என்று பேட்டரி இல்லாமலே கேஷைக் கட்டாயமாக இயக்கி வைப்பதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

மதர்போர்டோடு வரும் ரெய்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. வேலையைச் செய்வது டிரைவரும் ப்ராசசரும்தான், ஆனால் போர்டு மாறினால் தலைவலி மிஞ்சும்.

சிறிய அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் சாஃப்ட்வேர் ரெய்டே என் தேர்வு. இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டம் போட்டால் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்து, சத்தமில்லாமல் கெட்டுப்போன டேட்டாவையும் கண்டுபிடிக்கும். அதற்கு டிஸ்க்குகள் நேரடியாகத் தெரிய வேண்டும்; மதர்போர்டின் சாதாரண சாட்டா போர்ட்டோ, ரெய்டு வேலை செய்யாமல் டிஸ்க்குகளை இணைக்க மட்டும் செய்யும் எச்பிஏ (HBA) கார்டோ போதும், ரெய்டு கார்டின் மேல் அதை ஏற்றாதீர்கள். வாரண்டியோடு மாற்றுக் கார்டும் கிடைக்கும், பேட்டரியைக் கவனிக்க ஆளும் உண்டு என்றால் ஹார்டுவேர் ரெய்டு தாராளமாக வாங்கலாம்.

எதை எடுத்தாலும், ஒரு டிஸ்க் போனதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும் சர்வர்கள்தான் அதிகம் மாட்டுகின்றன. லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டில், அதன் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) கோப்பைத் திறந்தால் இரண்டு டிஸ்க்குக்கு இரண்டு 'யூ' எழுத்து தெரியும். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு வந்தால் அந்த டிஸ்க் தொகுப்பில் இல்லை. இதற்கு மின்னஞ்சல் எச்சரிக்கை வையுங்கள். பேக்கப்பைத் தனியாக எடுங்கள், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலுமே அழிந்துவிடும். சர்வரில் முக்கியமான டேட்டா ஏறுவதற்கு முன்பே ஒரு டிஸ்க்கை உருவிப் பார்த்து, எச்சரிக்கை வருகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.