நட்டு ஏன் ரவுண்டாகுது? ஸ்பேனர் வாங்கும்போது எதைப் பாக்கணும்?

டூல்ஸ் கடையில எல்லா ஸ்பேனரும் பளபளன்னு ஒரே மாதிரிதான் தெரியும், விலை மட்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம இருக்கும். அந்தப் பளபளப்பு நிக்கல் மேல ஏத்தின குரோம் பூச்சு, துரு பிடிக்காம இருக்கத்தான், பலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.

நட்டைத் தொடுற இடத்துலதான் எல்லாமே இருக்கு. எம்6 போல்டு (மரை 6 மி.மீ. தடிமன்) எடுத்துக்கோங்க, அதுக்கு 10-ஆம் நம்பர், அதாவது வாய் 10 மி.மீ. இருக்கற ஸ்பேனர். நட்டு 10 மி.மீ.க்கு ஒரு துளி கம்மியா இருக்கும், ஸ்பேனர் வாய் ஒரு துளி கூட இருக்கும், இல்லன்னா மாட்டவே முடியாது. இந்த இடைவெளியால ஸ்பேனர் கொஞ்சம் திரும்பின பிறகுதான் நட்டைப் பிடிக்குது, அதுவும் பக்கம் முழுசா இல்ல, மூலையில மட்டும். சாதாரண 8.8 கிரேடு (பலத்தைச் சொல்ற நம்பர்) எம்6 போல்டை டைட் பண்ண வேண்டிய திருகு விசை சுமார் 10 நியூட்டன் மீட்டர். 15 செ.மீ. ஸ்பேனர்ல கைக்கு 7 கிலோ அழுத்தம் போதும், ஆனா வாய் திறந்திருக்கற ஓபன் ஸ்பேனர் ரெண்டு மூலையிலதான் பிடிக்கறதால ஒவ்வொரு மூலையிலயும் 170 கிலோவுக்கு மேல இறங்குது! நட்டைச் சுத்தி வளையமா மாட்டற ரிங் ஸ்பேனர்னா அதே சுமை ஆறு மூலைக்கும் பிரிஞ்சு 60 கிலோ கிட்ட வந்துடும். அதனாலதான் இறுகின நட்டுல ஓபன் பக்கத்தை வைக்காதீங்கன்னு சொல்றது, இடைவெளி அதிகமா இருக்கற மட்டமான ஸ்பேனர்னா மூலை நசுங்கி வழிஞ்சு ரவுண்டாயிடும், அப்புறம் வெல்டிங் வச்சுத்தான் கழட்டணும்.

இதுக்கு 1960கள்ல ஸ்னாப்-ஆன்ங்கற அமெரிக்க டூல்ஸ் கம்பெனி அழகா ஒரு வழி கொண்டு வந்தாங்க, ஃபிளாங்க் டிரைவ்னு பேரு. உள்மூலையைக் கொஞ்சம் வளைச்சு எடுத்துட்டா பிடி நட்டோட மூலையை விட்டு உள்ள தள்ளி பக்கத்துல விழும். பேட்டன்ட் எப்பவோ முடிஞ்சதால இப்போ விலை கம்மியான சாக்கெட்லயும் (நட்டு மேல குழாய் மாதிரி மூடி மாட்டறது) இது வருது, உள்ள பாத்தா மூலை கூர்மையா இல்லாம குழிஞ்சு இருக்கும்.

அடுத்தது இரும்பு. 8.8 போல்டோட கடினம், உலோகத்தோட கடினத்தை அளக்கற ராக்வெல் சி அளவுல, 22லேர்ந்து 32, நல்ல ஸ்பேனர் 40க்கு மேல இருக்கும். ஆனா ரொம்ப கடினமாக்கினா பட்டுனு உடையும், அதனால சூடு பண்ணி எண்ணெயில முக்கினதுக்கு அப்புறம் மறுபடி மிதமா சூடு காட்டி அந்த முறுக்கைத் தணிப்பாங்க. குரோம் வனேடியம்னு (டூல்ஸுக்குப் போடற ஒரு எஃகு வகை) மேல அடிச்சிருந்தா மட்டும் போதாது, இந்தச் சூட்டு வேலை சரியில்லன்னா வாய் விரிஞ்சிடும்.

வெளிநாட்டு டூல்ஸே வேணும்னு இல்ல. நாசிக்ல தப்பாரியா கம்பெனி, அப்புறம் ஜலந்தர், லூதியானால செய்யற டூல்ஸ் ஏற்றுமதியே ஆகுது. கடைக்குப் போகும்போது பாக்கெட்ல ஒரு புது போல்டு எடுத்துட்டுப் போங்க, மாட்டி ஆட்டிப் பாருங்க, ஆட்டம் கம்மியா இருக்கறதுதான் நல்லது. பைக்குக்கு 8, 10, 12, 14, 17 ரிங்கும் ஆறு முனை சாக்கெட்டும் நல்லதா வாங்கிட்டா சுத்தியல், உளி எல்லாம் சாதாரணமாவே இருக்கலாம், 100 பீஸ் செட் எதுக்கும் வேணாம். இம்பாக்ட் கன்ல (அடிச்சு அடிச்சு நட்டைத் திருப்பற மெஷின்) மட்டும் குரோம் சாக்கெட்டைப் போடவே போடாதீங்க, அடி தாங்காம வெடிச்சுத் தெறிக்கும், அதுக்குன்னு குரோம் மாலிப்டினத்துல தடிமனா வர்ற கறுப்பு சாக்கெட்தான் போடணும்.