அம்பர் விளக்கு எரிந்தவுடன் கேஷ் டிரைவைப் பிடுங்காதீர்கள்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தின் சர்வர் அறையிலிருந்து, ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரத்தில், எங்கள் குழுவின் இளம் பொறியாளர் என்னை அழைத்தார். "அண்ணா, ஸ்டோரேஜ்ல ஒரு கேஷ் டிரைவ் போயிடுச்சு. மாத்து டிரைவ் கையிலயே இருக்கு, பழசை உருவிட்டுப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். மெதுவான ஹார்டு டிஸ்க்குகளுக்கு முன்னால் நின்று வேகம் கூட்டும் டிரைவைத்தான் கேஷ் டிரைவ் என்கிறோம். "தம்பி, முதல்ல கையை எடு. அந்த கேஷ் படிக்கவா, எழுதவான்னு பார்த்துச் சொல்லு" என்றேன். இரண்டு நிமிடம் கழித்து வந்த பதில், எழுத்தையும் தாங்கும் ரைட்-பேக் முறையில் இரண்டு எஸ்எஸ்டிகள் (வேகமான ஃபிளாஷ் டிரைவ்கள்) மிரர் செய்யப்பட்டு, அதாவது ஒன்றின் நகல் மற்றொன்றில் இருக்கும்படி, ஓடிக்கொண்டிருந்தன என்பது. அன்று மாலை எனக்கு மற்ற வேலை எதுவும் ஓடவில்லை.

படிக்கவா, எழுதவா என்ற அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அடுத்து செய்ய வேண்டியவை அனைத்தும் அமைகின்றன. படிப்பதற்கு மட்டுமான கேஷில் இருப்பவை, ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்கெனவே உள்ள தரவுகளின் நகல்களே; அந்த டிரைவ் எரிந்தே போனாலும் வேகம்தான் குறையும், தரவு போகாது. ரைட்-பேக் அப்படியன்று. பயனர் சேமித்த கோப்பு எஸ்எஸ்டியில் விழுந்தவுடனேயே "எழுதியாகிவிட்டது" என்று ஸ்டோரேஜை இயக்கும் கன்ட்ரோலர் பதில் சொல்லிவிடும்; அது ஹார்டு டிஸ்க்குக்கு இறங்குவது பிறகுதான். அந்த இடைவெளியில் இருக்கும் தரவை நாங்கள் டர்ட்டி டேட்டா என்போம். அதற்கு வேறெங்கும் நகல் இல்லை. மிரரில் ஒரு டிரைவ் போய்விட்டது என்றால், மிஞ்சியிருக்கும் மற்றொன்றே அதன் ஒரே இருப்பிடம்.

அமைப்புக்கு அமைப்பு விளைவும் மாறும். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில், படிப்பதற்கு மட்டுமான கேஷாகிய எல்2ஆர்க் டிரைவ் போனால் கவலை இல்லை. ஆனால் பலர் அதையும் ஒரு கேஷ் என்றே நினைத்துச் சேர்க்கும் ஸ்பெஷல் விடெவ் (தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளை வைத்திருக்கும் டிரைவ்) போனால் பூல், அதாவது மொத்தச் சேமிப்பும், முழுவதும் போகும். பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே ஸ்டோரேஜாக்கும் விஎம்வேர் விசானின் டிஸ்க் குரூப் அமைப்பில் ஒரு கேஷ் டிரைவின் பழுது, அந்தக் குரூப்பில் உள்ள எல்லா டிஸ்க்குகளையும் ஆஃப்லைனுக்குக் கொண்டுபோய்விடும்.

ஒயிட்ஃபீல்டில் அடுத்ததாக, உயிரோடிருந்த இணை டிரைவின் ஸ்மார்ட் விவரத்தை (டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்வது) எடுக்கச் சொன்னேன். தேய்மானம் 97 விழுக்காடு என்று காட்டியது. வியப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. மிரரின் இரண்டு டிரைவ்களும் ஒரே நாளில் பொருத்தப்பட்டு, ஒரே அளவு எழுத்தைத் தாங்கியவை. இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒன்றாகவே மூப்படைகின்றன. 960 ஜிபி கொள்ளளவும், நாளொன்றுக்கு ஒரு முழு எழுத்து என 5 ஆண்டு உத்தரவாதமும் உள்ள டிரைவ், மொத்தம் ஏறக்குறைய 1,752 டிபி எழுத்தைத் தாங்கும். அதன் வழியாக நாளுக்கு 2 டிபி போனால் 876 நாளில், அதாவது இரண்டரை ஆண்டு நிறைவதற்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். கேஷுக்கு டிரைவ் வாங்கும்போது விலைப்பட்டியலில் கொள்ளளவை மட்டும் பார்ப்பவர்கள், நாள் எழுத்து அளவு என்ற அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆகவே டிரைவை மாற்றும் முன் கேஷை ரைட்-த்ரூவுக்கு, அதாவது ஹார்டு டிஸ்க்கிலும் எழுதிய பிறகே பதில் சொல்லும் முறைக்கு, மாற்றினோம். திரையில் டர்ட்டி அளவு 38 ஜிபி என்று இருந்தது. அது பூஜ்ஜியம் ஆவதற்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிடித்தது; அவ்வளவு நேரமும் பில்லிங் மெதுவாக இருக்கிறது என்று கணக்குப் பிரிவினர் தொலைபேசியில் கேட்டபடி இருந்தார்கள். எண் பூஜ்ஜியம் ஆன பிறகே, எந்த டிரைவ் என்று அடையாளம் காட்டும் லொகேட் விளக்கை ஒளிரவிட்டு, ஸ்லாட் எண்ணையும் சீரியல் எண்ணையும் ஒப்பிட்டு, பழைய டிரைவை எடுத்தார் தம்பி. அவசரத்தில் நல்ல டிரைவை உருவிய கதைகள் எங்கள் தொழிலில் குறைவில்லை.

டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் பார்க்கச் சொன்னேன். 2019 நவம்பரில் சர்வர் தயாரிப்பாளரான ஹெச்பிஇ நிறுவனம், தன் சில எஸ்ஏஎஸ் (சர்வர்களில் பயன்படும் ஓர் இணைப்பு வகை) எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும், உள்ளிருக்கும் தரவையும் மீட்க முடியாது என்று அறிவித்துப் புதிய ஃபர்ம்வேரை வெளியிட்டது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்ற எல்லையோடு மற்றொரு அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் இயக்கிய டிரைவ்கள் அனைத்தும் ஒரே மணியில் சாயக்கூடிய இத்தகைய பழுதுக்கு எதிராக மிரரும், பல டிஸ்க்குகளில் தரவைப் பகிர்ந்து காக்கும் ரெய்டும் எதுவும் செய்ய முடியாது.

எல்லாப் பழுதும் டிரைவினுடையது அன்று. சாட்டா இணைப்புள்ள டிரைவில் சிஆர்சி பிழை (தரவு வரும் வழியில் சிதைவது) எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போய், தேய்மானமும், கெட்ட இடங்களுக்குப் பதிலாக ஒதுக்கிய மாற்றிடத் தொகுதிகளும் நல்ல நிலையில் இருந்தால், கேபிளையோ, டிரைவ்கள் செருகப்படும் பலகையான பேக்பிளேனையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்டின் இந்தப் பழுதை எச்சரிக்கும் மின்னஞ்சல் ஐந்து நாட்களுக்கு முன்பே புறப்பட்டிருந்தது. போய்ச் சேர்ந்ததோ, வேலையை விட்டுப் போன ஒருவருடைய முகவரிக்கு. பழுதைக் காட்டும் டிரைவின் அம்பர் (ஆரஞ்சு மஞ்சள்) விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆயுத பூஜையன்று அதன் மேலேயே அப்பியிருந்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அதை மறைத்துவிட்டன. சர்வருக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சர்வர்களை அடுக்கும் ராக்கின் கதவில் வைக்கலாம்.

புதிய டிரைவோடு மிரர் ஒத்திசைந்து முடிந்ததும் உடனே ரைட்-பேக்கை இயக்கலாமா என்று வாடிக்கையாளர் கேட்டார். மறுத்தேன், 97 விழுக்காடு தேய்ந்த டிரைவை நம்பி டர்ட்டி டேட்டாவை வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது டிரைவையும் மாற்றிய பிறகே இயக்கினோம். அதை வேறு தயாரிப்புத் தொகுப்பிலிருந்து வரவழைக்க ஆறு வாரம் ஆனது. அதுவரை பில்லிங் மெதுவாகத்தான் ஓடியது.